இறங்கு ஏலத்தில் விலை எங்கே நிற்கும்? ஒரு பவுண்டரிக்காரரின் கேள்விக்குப் பதில்

கேள்வி இதுதான். கோவைக்கு அருகே சிறிய பவுண்டரி (உலோகத்தை உருக்கி வார்க்கும் ஆலை) நடத்தும் ஒருவர் ஒரு பம்ப் நிறுவனத்துக்குப் பல ஆண்டுகளாக வார்ப்புகள் கொடுத்து வருகிறார். ஆண்டுக்கு ஒருமுறை பர்ச்சேஸ் மேலாளரோடு உட்கார்ந்து பேசி விலையை முடிப்பது வழக்கம். இந்த ஆண்டு பேச்சுக்குப் பதில் மின்னஞ்சல் வந்திருக்கிறது: விலை ஆன்லைன் ரிவர்ஸ் ஆக்‌ஷன் (இறங்கு ஏலம்) மூலம் முடிவு செய்யப்படும், அடுத்த வாரம் மாதிரி ஏலம், அதற்கு மறுநாள் உண்மையான ஏலம். "இது எப்படி நடக்கும்? கலந்துகொள்ளலாமா? கலந்துகொண்டால் எதுவரை இறங்கலாம்?" என்று கேட்கிறார்.

பர்ச்சேஸ் துறையில் பல ஆண்டுகள் இருந்து இத்தகைய ஏலங்களை நடத்தியவன் நான். பிறகு சப்ளையர்கள் பக்கம் உட்கார்ந்து அவர்களுக்குக் கணக்குப் போட்டுக் கொடுத்தும் வருகிறேன். இரு பக்கமும் பார்த்ததில் உறுதியாகத் தெரிந்த ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். திரையில் ஓடும் அந்த அரை மணி நேரத்தில் முடிவாவது விலை மட்டும்தான். அந்த விலைக்குள் என்னென்ன அடக்கம் என்பது அதற்கு முன்பே காகிதத்தில் முடிவாகிவிடுகிறது. காகிதத்தில் இல்லாத எந்த வேலைக்கும் ஏலத்தில் காசு கிடைக்காது. ஆகவே கலந்துகொள்ளுங்கள், ஆனால் உங்கள் உழைப்பில் பெரும்பகுதியை ஏல நாளுக்கு முந்தைய வாரத்தில் போடுங்கள்.

அடிப்படை நம் ஊர்க்காரர்களுக்கு அந்நியமானதல்ல. ஏலச்சீட்டு கட்டிய எல்லோருக்கும் இது தெரியும். ஐந்து லட்சம் ரூபாய்ச் சீட்டை யாருக்குப் பணம் அவசரமோ அவர் அதிகம் தள்ளி, குறைவான தொகைக்கு எடுத்துக்கொள்வார். கேட்கிறவர்கள் ஒருவருக்கொருவர் கீழே கீழே போக, எல்லோரிலும் குறைவாக ஏற்றுக்கொண்டவருக்குச் சீட்டு விழும். இறங்கு ஏலத்தின் உள்ளமைப்பும் அதுதான். வாங்குகிறவர் ஒருவர், விற்கிறவர்கள் பலர், விலை இறங்கிக்கொண்டே போகும். ஒரு வேறுபாடு முக்கியமானது. சீட்டில் தள்ளும் தொகையைச் சீட்டுக்காரர்கள் எல்லோரும் பங்கிட்டுக்கொள்கிறார்கள். இங்கே தள்ளுவது முழுவதும் வாங்குகிறவர் பைக்குப் போகிறது.

இதைத் தொழிற்சாலைக் கொள்முதலில் பெரிய அளவில் புகுத்தியது அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் நகரில் 1995-இல் தொடங்கப்பட்ட ஃப்ரீமார்க்கெட்ஸ் என்ற நிறுவனம். அதை 2004-இல் அரிபா என்ற மென்பொருள் நிறுவனம் வாங்கியது, அரிபாவை 2012-இல் எஸ்ஏபி என்ற பெரிய மென்பொருள் நிறுவனம் வாங்கியது. இன்று நம் ஊர்ப் பெரிய நிறுவனங்கள் பயன்படுத்தும் ஏல மென்பொருள்களின் விதிமுறைகளில் பல அந்தக் காலத்தில் உருவானவை. நம் அரசுத் தரப்பில், மத்திய அரசின் பொது நிதி விதிகள் 2017 மின்னணு இறங்கு ஏலத்தை ஒரு கொள்முதல் முறையாக ஏற்றுக்கொண்டிருக்கின்றன. 2016-இல் தொடங்கிய, அரசுத் துறைகள் ஆன்லைனில் பொருள் வாங்கும் ஜெம் தளத்திலும் அது இருக்கிறது. தனியாரிடம் வேலை பார்க்கும் பவுண்டரிக்கு இந்த வரலாறு இவ்வளவு போதும்.

ஏலம் எப்படி நடக்கும் என்பதைப் பார்ப்போம். முதலில் விலை கேட்டுக் கடிதம் வரும், அதற்குக் கொட்டேஷன் கொடுப்பீர்கள். பிறகு தொழில்நுட்பத் தகுதி பார்ப்பார்கள். தகுதி பெற்றவர்களுக்குத்தான் ஏலத்தில் நுழைய அனுமதி. அடுத்து தொடக்க விலை, ஒருமுறை குறைந்தபட்சம் எவ்வளவு குறைக்க வேண்டும் என்ற படி, மொத்த நேரம், கடைசி நிமிட நீட்டிப்பு ஆகியவற்றை அறிவிப்பார்கள். உதாரணமாக, கிலோவுக்குத் தொடக்க விலை 115 ரூபாய், படி 25 பைசா, நேரம் 30 நிமிடம் என்று வையுங்கள். கடைசி ஐந்து நிமிடத்துக்குள் யாராவது குறைத்தால் ஏலம் இன்னும் ஐந்து நிமிடம் நீளும். எவரும் குறைக்காத ஐந்து நிமிடம் வரும்வரை இப்படியே போகும்.

நான் பார்த்த ஏலங்களில் பெரும்பாலானவை ஒரே மாதிரிதான் நடந்தன. முதல் இருபது நிமிடம் திரை அசையாது. ஓரிருவர் ஒப்புக்கு ஒரு ரூபாய் குறைத்துவிட்டுக் காத்திருப்பார்கள். கடைசி மூன்று நிமிடத்தில் எல்லோரும் ஒன்றாக இறங்குவார்கள். நேரம் நீளும், மறுபடி நீளும், அரை மணி ஏலம் ஒன்றரை மணி நேரம் ஆகிவிடும். அந்த நேரத்தில் சப்ளையர் அறையில் என்ன நடக்கிறது என்பதையும் பார்த்திருக்கிறேன். முதலாளி கணினி முன்னால் உட்கார்ந்திருப்பார், பக்கத்தில் மச்சான், பின்னால் மகன். திரையில் "உங்கள் இடம்: 2" என்று வரும். "இருபத்தஞ்சு பைசாதானே மாமா, போடுங்க" என்பார் மச்சான். அந்த இருபத்தைந்து பைசா பத்து முறை போனால் இரண்டரை ரூபாய். மாதம் 40 டன் போகும் வார்ப்பில் அது ஒரு லட்சம் ரூபாய்.

ஆகவே முதல் யோசனை: ஏலத்தில் விலை போடுவது நீங்களாக இருக்க வேண்டாம். அடி விலையை, அதாவது எதற்குக் கீழே நீங்கள் இறங்கக் கூடாதோ அந்த விலையை, முந்தின நாள் தாளில் எழுதிக் கையெழுத்திட்டு உங்கள் கணக்காளரிடம் கொடுத்துவிடுங்கள். அதற்குக் கீழே போக அவருக்கு அதிகாரம் இல்லை என்று சொல்லிவிடுங்கள். அந்த ஒரு மணி நேரம் நீங்கள் பர்னஸ் (உலை) பக்கம் இருங்கள்.

திரையில் என்ன தெரியும் என்பதையும் முன்கூட்டியே கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். சில ஏலங்களில் எல்-1 விலை, அதாவது அந்த நிமிடத்தின் மிகக் குறைந்த விலை, எல்லோருக்கும் தெரியும். சிலவற்றில் உங்கள் இடம் மட்டுமே தெரியும். இடம் மட்டும் தெரிகிற ஏலத்தில், முதல் இடத்துக்காரருக்கும் உங்களுக்கும் நடுவே 50 பைசாவா ஏழு ரூபாயா என்று தெரியாமலே துரத்திக்கொண்டிருப்பீர்கள். வேறு இரண்டு வகைகளும் உண்டு. ஒன்றில் கணினியே விலையைப் படிப்படியாகக் குறைத்துக்கொண்டு வரும், ஒவ்வொரு படியிலும் "சம்மதம்" என்று சொன்னால்தான் உள்ளே இருக்கலாம். இன்னொன்றில் கணினி மிகக் குறைந்த விலையில் தொடங்கி ஏற்றிக்கொண்டே போகும், முதலில் சம்மதம் சொல்பவருக்கு ஆர்டர். இந்தக் கடைசி வகையில் பொறுமை காப்பது கடினம். போட்டியாளர் முந்திவிடுவாரோ என்ற பயத்தில் அடிமாட்டு விலைக்குச் சம்மதம் சொல்லிவிடுவோம்.

இப்போது உங்கள் கேள்வியின் நடுப்பகுதிக்கு வருகிறேன்: விலை எங்கே நிற்கும்? பலர் "யாருக்கு மிகக் குறைந்த அடக்க விலையோ அந்த விலையில் நிற்கும்" என்று நினைக்கிறார்கள். அப்படி இல்லை. நான்கு பவுண்டரிகள் கலந்துகொள்கின்றன, அவர்களின் அடி விலை முறையே 101, 104, 106, 109 என்று வையுங்கள். 109-க்காரர் முதலில் நிற்பார், பிறகு 106, பிறகு 104. 104-க்காரர் நின்றதும் போட்டி முடிந்துவிடுகிறது. ஆக, விலை 103 ரூபாய் 75 பைசாவை ஒட்டி நிற்கும். 101-க்காரருக்கு ஆர்டர், கூடவே 2 ரூபாய் 75 பைசா லாபமும். இதே ஏலத்தில் 101-ம் 109-ம் மட்டும் இருந்திருந்தால் விலை 108 ரூபாய் 75 பைசாவில் நின்றிருக்கும். வெல்பவரின் விலையைத் தீர்மானிப்பது இரண்டாவது இடத்துக்காரரின் அடக்க விலை. எனவே நீங்கள் விசாரிக்க வேண்டிய முதல் செய்தி, எத்தனை பேர் தகுதி பெற்றிருக்கிறார்கள், அவர்கள் எப்படிப்பட்டவர்கள் என்பது. பெயரைச் சொல்ல மாட்டார்கள், சொல்லவும் கூடாது. எண்ணிக்கையைப் பெரும்பாலும் சொல்வார்கள். உங்களைத் தவிர தகுதியான ஒருவர்கூட இல்லாமல், உங்களை அசைத்துப் பார்ப்பதற்காகவே ஏலம் வைக்கிற நிறுவனங்களும் உண்டு.

எண்ணிக்கை தெரிந்ததும் இன்னொரு பவுண்டரிக்காரருக்குப் போன் போட்டு "நீங்கள் 110-க்குக் கீழே போகாதீர்கள், நானும் போகவில்லை" என்று பேசிவிடலாம் என்று தோன்றும். நம் ஊரில் தொழில் செய்பவர்களில் பாதிப் பேர் ஒருவருக்கொருவர் உறவு. மற்றவர்கள் ஒன்றாகப் படித்தவர்கள். பேசுவது எளிது. ஆனால் அது போட்டிச் சட்டம் 2002-இன்படி ஏல முறைகேடு, அபராதம் கனமாக இருக்கும். அந்தப் பக்கம் போகாதீர்கள்.

அடுத்தது உங்கள் அடி விலை. இதில் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும், ஏனென்றால் ஏலத்தில் கையைக் கடித்துக்கொண்டவர்களில் பெரும்பாலோர் தங்கள் அடி விலையே தெரியாமல் உள்ளே போனவர்கள். கீழே உள்ள எண்கள் கணக்கு முறையைக் காட்டுவதற்கு மட்டும்தான், உங்கள் எண்களை நீங்கள் போட்டுக்கொள்ள வேண்டும்.

ஒரு கிலோ நல்ல வார்ப்புக்கு இரும்பு, ஸ்கிராப், கலப்புலோகம் எல்லாம் சேர்த்து, ரன்னரும் ரைசரும் (அச்சை நிரப்பும் வழிகளில் உறைந்து வெட்டியெடுக்கப்படும் இரும்பு) திரும்ப உருக்கப் போவதைக் கழித்து, 50 ரூபாய் என்று வைப்போம். மின்சாரத்தில் பலர் ஏமாறுகிறார்கள். இண்டக்‌ஷன் பர்னஸில் ஒரு டன் உருக்க ஏறத்தாழ 600 யூனிட் ஆகிறது என்றால், கிலோவுக்கு 0.6 யூனிட் என்று எழுதிவிடுகிறார்கள். ஒரு கிலோ வார்ப்பு வெளியே போக ஒன்றரைக் கிலோ உருக்கினீர்கள் என்றால் அது 0.9 யூனிட். மணல் ஆலை, கம்பரசர், ஷாட் பிளாஸ்டிங் எல்லாம் சேர்த்தால் 1.4 யூனிட். யூனிட் 8 ரூபாய் என்று வைத்தால் 11 ரூபாய்க்கு மேல். மணல், ரெசின், கோர் (வார்ப்பின் உட்குழிவுக்கான மணல் அச்சு), பூச்சு 12. ஆள் கூலி 12. ஃபெட்லிங் (வார்ப்பின் பிசிரை நீக்குவது), பெயின்ட் 7. நூற்றுக்கு நான்கு ரிஜெக்‌ஷன் என்றால் 4. வண்டி வாடகை 3. கூட்டினால் 99 ரூபாய்.

இதோடு நிறுத்திவிடுகிறவர்கள் அதிகம். 90 நாள் கிரெடிட் என்றால், 105 ரூபாய் பொருளுக்கு ஆண்டுக்கு 10 சதவீத வட்டியில் 2 ரூபாய் 60 பைசா போகிறது. ஆக 101 ரூபாய் 60 பைசா. இயந்திரக் கடன் தவணை, நிரந்தர ஊழியர் சம்பளம், பராமரிப்பு, பேட்டர்ன் (மணலில் அச்சு எடுக்கும் மாதிரி வடிவம்) பழுது ஆகியவற்றின் பங்கு 6 ரூபாய் என்றால் 107 ரூபாய் 60 பைசா.

இப்போது கையில் இரண்டு அடி விலைகள் இருக்கின்றன. ஒன்று 101.60, இன்னொன்று 107.60. எதைத் தாளில் எழுதுவது? உங்கள் பர்னஸ் வாரத்தில் இரண்டு நாள் சும்மா நிற்கிறது, அந்த இரண்டு நாளை நிரப்பத்தான் இந்த ஆர்டர் என்றால், தவணையும் சம்பளமும் எப்படியும் போகப்போவதுதான். 101.60-க்கு மேல் வரும் ஒவ்வொரு பைசாவும் லாபம். ஆனால் இந்த ஆர்டர்தான் உங்கள் உற்பத்தியில் பாதி என்றால், 107.60-க்குக் கீழே போன நாளிலிருந்து உங்கள் முதலைத் தின்றுகொண்டிருக்கிறீர்கள். உழுதவன் கணக்குப் பார்த்தால் உழக்குகூட மிஞ்சாது என்பார்கள். பவுண்டரியில் அந்தக் கணக்கை ஏலத்துக்கு முந்தைய நாளே பார்த்துவிட முடியும்.

சங்ககிரி, நாமக்கல் லாரி உரிமையாளர்கள் இந்த இரண்டு அடி விலையையும் பவுண்டரிக்காரர்களைவிட நன்றாக அறிவார்கள். சிமென்ட், இரும்பு நிறுவனங்கள் லோடுகளுக்கு அன்றாடம் ஆன்லைனில் இறங்கு ஏலம் வைக்கின்றன. ஊருக்குத் திரும்ப வேண்டிய வெற்று லாரிக்காரர் டீசலும் சுங்கமும் கிடைத்தால் போதும் என்று இறங்குவார். இங்கிருந்து புதிதாகக் கிளம்ப வேண்டியவரால் அந்த விலைக்கு வர முடியாது. இருவருமே கணக்குத் தெரிந்தவர்கள், கணக்கு வேறு. ஓராண்டு ஒப்பந்தம் என்றால் அனுபவமுள்ள லாரிக்காரர் டீசல் விலை ஏறினால் வாடகையும் ஏறும் என்ற விதி இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் விலை சொல்வார். நீங்களும் இரும்பு விலைக்கு அதே விதியைக் கேளுங்கள். ஆறு மாதத்துக்கு மேற்பட்ட ஒப்பந்தத்தில் அது இல்லை என்றால், ஏலத்தில் இறங்குவதே வேண்டாம் என்பது என் கருத்து.

நீங்கள் வென்ற நிமிடத்தில் ஒரு கேள்வி உங்களுக்கே எழ வேண்டும்: மற்ற மூவரும் ஏன் நின்றுவிட்டார்கள்? 1971-இல் அட்லான்டிக் ரிச்ஃபீல்டு எண்ணெய் நிறுவனத்தின் பொறியாளர்கள் மூவர், கடலடி எண்ணெய் வயல் ஏலங்களில் வென்ற நிறுவனங்கள் எதிர்பார்த்த லாபம் பார்க்காததற்குக் காரணம் சொன்னார்கள். வயலில் எவ்வளவு எண்ணெய் இருக்கும் என்பதை எல்லோரும் ஊகித்துத்தான் கேட்கிறார்கள், எவர் மிகையாக ஊகித்தாரோ அவரே வெல்கிறார் என்பது அவர்கள் வாதம். இறங்கு ஏலத்தில் இது திரும்பி நடக்கிறது: தன் செலவை எவர் மிகக் குறைவாக மதிப்பிட்டாரோ அவர் வெல்கிறார். புதிய டிராயிங், கோர் சிக்கலான வார்ப்பு, ரிஜெக்‌ஷன் எவ்வளவு வரும் என்று தெரியாத வேலை ஆகியவற்றில் இந்த ஆபத்து அதிகம். பழகிய வார்ப்பில் குறைவு. பல ஆண்டுகளாக நீங்கள் செய்துவரும் வார்ப்பின் செலவு உங்களுக்குத் தெரியும், புதிதாக வருபவருக்குத் தெரியாது. அவர் உங்களைவிடக் கீழே போனால் பதற வேண்டாம்.

இனி காகிதத்துக்கு வருவோம். இத்தனை ஆண்டுகளாக அந்த நிறுவனத்துக்கு நீங்கள் என்னென்ன செய்திருக்கிறீர்கள் என்று ஒரு மாலை உட்கார்ந்து எழுதிப் பாருங்கள். அவர்களின் பேட்டர்ன்களை உங்கள் கூரைக்குக் கீழே வைத்துக் காப்பாற்றுகிறீர்கள், தேய்ந்தால் சொந்தச் செலவில் சரி செய்கிறீர்கள். சீசனில் நாளைக்கே வேண்டும் என்றால் ஞாயிற்றுக்கிழமையும் உருக்குகிறீர்கள். மாதம் பத்து உருப்படி மட்டுமே வேண்டிய பழைய மாடல் வார்ப்பையும் அதே கிலோ விலைக்குக் கொடுக்கிறீர்கள். மெஷினிங்கில் வெளிப்பட்ட ஊதுத்துளைக்கு மறுபேச்சில்லாமல் மாற்று அனுப்புகிறீர்கள். பேச்சுவார்த்தையில் விலை முடிந்த காலத்தில் இவையெல்லாம் மேலாளரின் மனதில் கணக்காக இருந்தன. ஏல மென்பொருளுக்கு அந்தக் கணக்கு தெரியாது. இவற்றைச் செய்யாத ஒருவரும் செய்கிற நீங்களும் அங்கே ஒரே தட்டில்தான்.

ஏலத்துக்கு முந்தைய கூட்டத்தில் இவற்றை ஒவ்வொன்றாக எழுப்புங்கள். கோபமாக அல்ல, விளக்கம் கேட்பதாக. பேட்டர்ன் பராமரிப்பு யார் செலவு? அவசர ஆர்டருக்குத் தனி விலை உண்டா? குறைந்தபட்ச உருப்படி எத்தனை? மெஷினிங் ரிஜெக்‌ஷனில் எது பவுண்டரியின் பொறுப்பு? பதில் எதுவாக இருந்தாலும் அது எல்லா ஏலதாரர்களுக்கும் எழுத்தில் போகும். போனால் அவர்களின் அடி விலையும் ஏறும், ஏலம் நிற்கும் இடமும் ஏறும். சப்ளையர் ஒருவர் கேட்ட நல்ல கேள்வியால் மொத்த ஏலமும் இரண்டு ரூபாய் மேலே நின்றதைப் பார்த்திருக்கிறேன்.

புதியவருக்கு மாறுவதற்கான செலவைப் பற்றியும் கேளுங்கள். பேட்டர்ன் வேறு பவுண்டரிக்குப் போனால் கேட்டிங் (உருகிய இரும்பு அச்சுக்குள் பாயும் வழி) மாற வேண்டும், மாதிரி வார்ப்பு எடுக்க வேண்டும், அளவு பார்க்க வேண்டும், முதல் சில லாட்டுகளில் ரிஜெக்‌ஷன் அதிகமாகும். விவரமான பர்ச்சேஸ் துறை இதைக் கிலோவுக்கு இவ்வளவு என்று மதிப்பிட்டுப் புதியவரின் விலையோடு கூட்டித்தான் ஒப்பிடும். வண்டி வாடகையும் கிரெடிட் நாட்களும் அப்படியே. நாங்கள் நடத்தியபோது தொழிற்சாலை வாசலில் வந்து சேரும் விலைக்குத்தான் ஏலம் வைத்தோம். வெறும் பவுண்டரி வாசல் விலையை ஒப்பிட்டால், தொலைவிலிருந்து வருபவர் திரையில் வென்று லாரி வாடகையில் தோற்பார். நஷ்டம் கடைசியில் வாங்குகிறவருக்கும்தான்.

கிரெடிட் நாட்கள் பற்றிச் சட்டமே உங்கள் பக்கம் இருக்கிறது. குறு, சிறு, நடுத்தரத் தொழில் வளர்ச்சிச் சட்டம் 2006-இன்படி, உத்யம் பதிவு (இத்தகைய தொழில்களுக்கான அரசுப் பதிவு) பெற்ற குறு, சிறு நிறுவனத்துக்கு ஒப்பந்தம் எப்படி இருந்தாலும் 45 நாளுக்குள் பணம் கொடுக்க வேண்டும். தாமதித்தால் ரிசர்வ் வங்கியின் வங்கி விகிதத்தைப் போல மும்மடங்கு வட்டி, மாதாமாதம் கூட்டு வட்டியாக. வருமான வரியிலும் 2023-24 நிதியாண்டிலிருந்து, இந்தக் கெடுவைத் தாண்டிய பாக்கியை, வாங்கியவர் தான் பணம் கொடுத்த ஆண்டில்தான் செலவாகக் காட்ட முடியும். ஆகவே ஏல நிபந்தனையில் 90 நாள் என்று எழுதியிருந்தால் அதைச் சுட்டிக்காட்டலாம். இதனாலேயே சிறு சப்ளையர்களைத் தவிர்க்க நினைக்கும் நிறுவனங்கள் இருக்கின்றன என்பதையும் மனதில் வைத்து, பக்குவமாகச் சுட்டிக்காட்டுங்கள்.

வாங்கும் நிறுவனம் டிரெட்ஸ் தளத்தில் இருக்கிறதா என்றும் கேளுங்கள். ரிசர்வ் வங்கி அனுமதித்த இந்தத் தளங்களில், வாங்கியவர் ஒப்புக்கொண்ட உங்கள் பில்லை வங்கிகள் ஏலத்தில் எடுத்துப் பணம் தருகின்றன. அதுவும் இறங்கு ஏலம்தான், ஆனால் இங்கே போட்டி போட்டு வட்டியைக் குறைப்பது வங்கிகள், பலன் உங்களுக்கு. வட்டி விகிதம் வாங்கும் நிறுவனத்தின் நாணயத்தைப் பொறுத்து அமைகிறது, உங்கள் பவுண்டரியின் நாணயத்தைப் பொறுத்து அல்ல. பெரிய நிறுவனம் நாளை பணம் தராவிட்டாலும் வங்கி உங்களிடம் திரும்பி வராது. 250 கோடி ரூபாய்க்கு மேல் விற்றுமுதல் உள்ள நிறுவனங்கள் இந்தத் தளத்தில் சேர வேண்டும் என்று 2024 நவம்பரில் மத்திய அரசு அறிவித்திருக்கிறது. உங்கள் அடி விலையில் 2 ரூபாய் 60 பைசாவாக இருக்கும் கிரெடிட் செலவைக் குறைக்க இதைவிட நேர்வழி இல்லை.

ஏலத்தை நடத்தும் பக்கத்தில் இருப்பவர்களுக்கும் சொல்ல வேண்டியது இருக்கிறது. கொங்குப் பகுதியில் இப்போது நடுத்தர நிறுவனங்களும் இதைச் செய்யத் தொடங்கியிருக்கின்றன. அட்டைப் பெட்டி, பாலித்தீன் பை, போல்ட் நட்டு, பாதுகாப்புக் காலணி, சரக்கு வாடகை போன்றவற்றுக்கு இது நல்ல முறை. தரத்தை எழுத்தில் முழுமையாகச் சொல்லிவிட முடியும், நான்கைந்து பேர் ஒரே மாதிரி கொடுக்க முடியும், அளவும் பெரியது. பழைய உறவை வைத்து ஆண்டுக்கணக்கில் கூடுதல் விலை வாங்கியவர்களை இது வெளிச்சத்துக்குக் கொண்டுவந்திருக்கிறது. பர்ச்சேஸ் மேலாளருக்குக் கவனிப்பு என்ற வழக்கத்தையும் ஓரளவு ஒழித்திருக்கிறது. நேர்மையான சிறு சப்ளையருக்கு அது பெரிய கதவு.

ஆனால் எழுத்தில் சொல்லாத செலவு எங்காவது போய்ச் சேரும். திருப்பூரை எடுத்துக்கொள்ளுங்கள். சாயக்கழிவு நொய்யலில் கலந்ததன் முடிவாக 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் அங்குள்ள சாய ஆலைகளை மூட உத்தரவிட்டது. இன்று முறையாகச் சுத்திகரித்துக் கழிவுநீரை வெளியே விடாமல் சாயமிடுபவருக்குக் கிலோவுக்குக் கூடுதல் செலவு இருக்கிறது. சாயமிடும் கூலிக்கு யாராவது இறங்கு ஏலம் வைத்து, தகுதிப் பட்டியலில் சுத்திகரிப்பு ஆதாரத்தைக் கேட்காமல் விட்டால், வெல்லப்போவது அந்தச் செலவைச் செய்யாதவர்தான். ஏலம் தன் வேலையைச் சரியாகச் செய்திருக்கும், தவறு தகுதிப் பட்டியலை எழுதியவருடையது.

காற்றாலைத் துறையில் நடந்ததும் பல்லடம், உடுமலை, தாராபுரம் பக்கத்துக்காரர்களுக்குத் தெரியும். முன்பு ஒழுங்குமுறை ஆணையம் நிர்ணயித்த விலைக்கு மின்சாரம் வாங்கப்பட்டது. 2017 பிப்ரவரியில் மத்திய அரசின் முதல் காற்றாலை ஏலத்தில் யூனிட் 3 ரூபாய் 46 பைசாவில் நின்றது. அதே ஆண்டு டிசம்பரில் குஜராத் ஏலத்தில் 2 ரூபாய் 43 பைசா. நாட்டில் 2016-17-இல் ஏறத்தாழ 5,500 மெகாவாட் புதிய காற்றாலைகள் நிறுவப்பட்டன, அடுத்த ஆண்டு 1,800 மெகாவாட்டைக்கூட எட்டவில்லை. ஏலத்துக்கு மாறியதும் அதற்கு ஒரு காரணம். பெரிய நிறுவனங்கள் குஜராத்தின் நல்ல காற்று கிடைக்கும் இடங்களைத் தேடிப் போயின, நம் பக்கத்துச் சிறு முதலீட்டாளர்களுக்கு ஏலத்தில் இடமே இல்லாமல் போயிற்று. தொழில்துறையின் எதிர்ப்புக்குப் பிறகு, 2023 ஜனவரியில் மத்திய அமைச்சகமே காற்றாலைக்கு இறங்கு ஏலத்தை விட்டு மூடிய உறை முறைக்கு மாறுவதாக அறிவித்தது. விலை இறங்கியதை வெற்றியாக எண்ணுவதற்கு முன், அந்த விலைக்குப் பொருள் வந்து சேர்ந்ததா என்று பார்க்க வேண்டும்.

அரசு வேலை எடுக்கும் எண்ணம் இருந்தால் ஜெம் பற்றி ஒன்றிரண்டு. முதல் சுற்றில் நீங்கள் கொடுக்கும் விலையை விளையாட்டாக ஏற்றி எழுதாதீர்கள். வாங்கும் துறை தேர்ந்தெடுக்கும் முறையைப் பொறுத்து, மிக அதிக விலை சொன்னவர்கள் இறங்கு ஏலத்துக்குள்ளேயே போக முடியாமல் ஆகலாம். குறு, சிறு நிறுவனங்களுக்கு 2012 கொள்முதல் ஆணையில் ஒரு சலுகை இருக்கிறது: எல்-1 குறு, சிறு நிறுவனம் அல்லாத ஒன்றாக இருந்து, உங்கள் விலை அதைவிட 15 சதவீதத்துக்குள் அதிகமாக இருந்தால், அந்த எல்-1 விலைக்கு இறங்கச் சம்மதித்து ஆர்டரில் குறைந்தது 25 சதவீதத்தைப் பெற வழி உண்டு. முன்வைப்புத் தொகையிலிருந்தும் விலக்கு. ஆகவே அரசு ஏலத்தில் கடைசி 25 பைசா வரை துரத்த வேண்டிய கட்டாயம் உங்களுக்குக் குறைவு.

மீண்டும் உங்கள் பம்ப் நிறுவனத்துக்கு வருகிறேன். மாதிரி ஏலத்தைத் தவறவிடாதீர்கள், பட்டன் எங்கே இருக்கிறது, தசமப் புள்ளி எப்படி விழுகிறது என்று கணக்காளர் பழகட்டும். 104.50-க்குப் பதில் 10.45 என்று அடித்துவிட்டுத் தவித்தவர்கள் உண்டு. ஏலத்தன்று ஜெனரேட்டர் தயாராக இருக்கட்டும், இன்னொரு போனில் இணைய இணைப்பும் இருக்கட்டும். முதல் கால் மணியில் தொடக்க விலையிலிருந்து ஒருமுறை மட்டும் குறைத்து உள்ளே இருப்பதைக் காட்டிவிட்டுப் பொறுத்திருக்கச் சொல்லுங்கள். எல்-1-க்கு முழு ஆர்டரா, அல்லது எல்-1-க்கு 60, எல்-2-க்கு 40 என்று பிரிப்பார்களா என்பதை முன்பே எழுத்தில் வாங்குங்கள். பிரிப்பார்கள் என்றால், இரண்டாம் இடத்தில் நின்றுகொள்வதே உங்களுக்கு நல்ல வியாபாரமாக இருக்கலாம். ஆனால் எல்-2-க்கும் எல்-1 விலைதான் என்ற விதி இருக்கிறதா என்றும் பாருங்கள்.

ஏலம் முடிந்த மறுநாள் "இன்னும் ஒரு ரூபாய் குறையுங்கள்" என்று போன் வரும். ஏல விதிகளில் பின்பேச்சு இல்லை என்றால் மரியாதையாக மறுத்துவிடுங்கள். ஒருமுறை குறைத்தால் அடுத்த ஆண்டு ஏலத்தின் தொடக்க விலை அங்கிருந்துதான் ஆரம்பிக்கும்.

தோற்றுவிட்டால், பேட்டர்ன்களைத் திருப்பிக் கேட்பார்கள். அவை அவர்களுடையவை என்றால் பிடித்துவைக்காமல் கொடுத்துவிடுங்கள், ஆனால் ஒவ்வொரு பேட்டர்னையும் கோர்பாக்ஸையும் புகைப்படம் எடுத்து, நிலையைக் குறித்து, வாங்கிக்கொண்டவரின் கையெழுத்தோடு அனுப்புங்கள். பழைய பாக்கிக்கு இருப்பு உறுதிக் கடிதம் அன்றே கேளுங்கள். நின்ற ஆர்டரின் டன் கணக்கைக் கையில் வைத்துக்கொண்டு, அந்த வாரமே இன்னும் இரண்டு பம்ப், மோட்டார் நிறுவனங்களின் பர்ச்சேஸ் துறைக்குக் கொட்டேஷன் கொடுங்கள். உங்கள் அடி விலைத் தாள் இப்போது தயாராக இருப்பதால், அதற்கு ஒரு நாளுக்கு மேல் ஆகாது.